முதியோர் படும் இன்னலைக் கண்டறியும் வினாக்கருவிகள்: ஒரு மொழிநோக்கு

முன்னுரை

உடல்நோயை அளக்கக் கருவிகள் பல உள. குருதியழுத்தத்தைக் கையில் பட்டை கட்டி அளக்கிறோம். காய்ச்சலை வெப்பமானியால் அறிகிறோம். ஆனால், ஒரு முதியவர் தம் சொந்த வீட்டில், தாம் நம்பியிருப்பவராலேயே இன்னலுறுகிறார் என்பதை எதனைக் கொண்டு அறிவது? அங்கே கருவியாவது வினா, வினாவாவது சொல். சொல் பிழைத்தால் அளவு பிழைக்கும். அளவு பிழைத்தால், இன்னலுறும் முதியவர் நலமுடன் இருப்பவராகக் கணக்கில் எழுதப்பட்டுவிடுவார். அன்புடன் பேணும் குடும்பம் பழிக்கு ஆளாதலும் நேரும்.

ஆகவே, மருத்துவர்க்கும் சமூகவியலார்க்கும் உரியது எனக் கருதப்படும் இப்பொருளில் தமிழ் பயில்வோர்க்கும் பங்குண்டு. முதியோர் இன்னலைக் கண்டறியும் வினாக்கருவிகள் எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், தமிழில் அத்தகைய கருவி அமைப்போர் எவற்றைக் கருத வேண்டும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்னல் என்பது யாது?

மருத்துவ இதழ்களில் இச்சிக்கல் முதன்முதலாகப் பேசப்பட்டது 1975ஆம் ஆண்டில், பிரிட்டனில். பாட்டிமார் அடிக்கப்படுகின்றனர் என்ற அளவில்தான் அன்று அதனைக் குறித்தனர். பின்னர் அதன் எல்லை விரிந்தது. 2002ஆம் ஆண்டின் டொராண்டோ அறிக்கை தந்த விளக்கமே இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. நம்பிக்கை எதிர்பார்க்கப்படும் ஓர் உறவுக்குள், முதியவர்க்குத் தீங்கோ துயரோ விளைக்கும் செயல் இன்னலாகும். செய்ய வேண்டியதைச் செய்யாமையும் இன்னலே. அது ஒருமுறை நிகழ்ந்தாலும் போதும் என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இவ்விளக்கத்தில் இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. ஒன்று, நம்பிக்கை. தெருவில் சங்கிலி பறிப்பவன் செய்வது குற்றம். ஆனால் அது இவ்வகையில் அடங்காது. மற்றொன்று, செய்யாமை. வேளைக்கு மருந்து தராமை, மூக்குக்கண்ணாடி உடைந்தும் மாற்றித் தராமை, பேச்சுத் துணையின்றி ஒதுக்கி வைத்தல் ஆகியனவும் இன்னல்களே. இவ்வாறு நோக்குங்கால் உடல், மனம், பொருள், பாலியல், புறக்கணிப்பு என ஐவகை இன்னல்களை அறிஞர் பகுப்பர்.

நம் சமயமும் இப்பொருளைச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களை நோக்கிச் சலிப்பைக் காட்டும் ‘சீ’ என்னும் சிறு ஒலியையும் எழுப்பலாகாது எனத் திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் விலக்குகிறது. அடித்தலைத் தடுக்கும் முன்னரே சுடுசொல்லைத் தடுத்திருப்பது எண்ணத்தக்கது. கீழே காணவிருக்கும் சென்னை ஆய்வும் சுடுசொல்லையே முதலிடத்தில் வைக்கிறது.

சென்னையில் நடந்த ஆய்வு

சீனிவாசன் சொக்கநாதன், அலெக்ஸ் லீ ஆகிய இருவரும் சென்னையில் நிகழ்த்திய ஆய்வு 2005ஆம் ஆண்டு வெளியாயிற்று. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 400 முதியோரிடம் செய்தி திரட்டப்பட்டது. அவர்களுள் 14 விழுக்காட்டினர், அஃதாவது ஏறத்தாழ எழுவருள் ஒருவர், ஏதேனும் ஒருவகை இன்னலுக்கு ஆளாகியிருந்தனர். தொடர்ந்து சொல்லால் புண்படுத்தப்படுதலே மிகுதி. அதனையடுத்துப் பொருளைக் கவர்தல், உடலைத் துன்புறுத்தல், புறக்கணிப்பு ஆகியன இருந்தன. பலர் ஒன்றுக்கு மேற்பட்ட இன்னல்களைப் பட்டிருந்தனர். இன்னல் செய்தோருள் பிள்ளைகள், மருமகள்கள், மருமகன்கள், வாழ்க்கைத்துணைவர் எனப் பலரும் இருந்தனர். மருமகள் ஒருத்தியையே குற்றவாளியாக்கும் நம் நாடகங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் காட்டும் படம் முழு உண்மையன்று என்பது இதனால் பெறப்படும்.

சொக்கநாதன் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட தமிழ்நாட்டுச் சிற்றூர் ஆய்வில் இவ்வளவு 21 விழுக்காடாக இருந்தது. 2017-18ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுவதும் நடத்தப்பட்ட முதுமை பற்றிய நெடுங்கால ஆய்விலோ, முந்திய ஓராண்டில் தாம் முறைகேடாக நடத்தப்பட்டதாகக் கூறிய முதியோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. 28 நாடுகளின் 52 ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டு வெளியான கட்டுரை தரும் அளவு 15.7 விழுக்காடாகும்.

ஐந்து, பதினான்கு, இருபத்தொன்று. இவ்வளவு வேறுபாடு எதனால்? காலமும் இடமும் வயதும் வேறு என்பது உண்மையே. ஆயினும், கேட்கப்பட்ட முறையும் ஒரு பெருங்காரணம் என்பதை மறுத்தற்கில்லை. ‘உங்களை முறைகேடாக நடத்துகிறார்களா?’ எனப் பொதுப்படக் கேட்டால் முதியவர் ‘இல்லை’ என்பார். ‘திட்டினார்களா? பணத்தைப் பிடுங்கினார்களா? பேசாமல் ஒதுக்கினார்களா?’ எனச் செயல்களைத் தனித்தனியே கேட்டால் அவரே ‘ஆம்’ என்றும் கூறக்கூடும். முன்னது தம் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புக் கூறுமாறு அவரைக் கேட்பது. பின்னது நடந்ததை மட்டும் கேட்பது. பெற்ற பிள்ளையைக் குற்றவாளி எனக் கூற நா எழாத தாயும், நடந்த செயலைக் கூற இசைவாள். நல்ல வினாக்கருவியின் முதல் இலக்கணம் இதுவே.

பிறநாட்டுக் கருவிகள்

1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாலெக், செங்ஸ்டாக் ஆகிய இருவரும் பதினைந்து வினாக்கள் கொண்ட கருவி ஒன்றை வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவில் மூத்த பெண்டிரிடம் ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டு பன்னிரண்டு வினாக்கள் கொண்ட கருவி ஒன்று அளிக்கப்பெற்றது. 2008ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மார்க் யாஃபி என்னும் மருத்துவரும் குழுவினரும் ஆறே வினாக்கள் கொண்ட ஐயச்சுட்டி ஒன்றை உருவாக்கினர்.

குடும்ப மருத்துவர் சில நிமிடங்களில் கேட்டு முடிக்கத்தக்கது என்பதால் இவ்வையச்சுட்டி பெயர் பெற்றது. முந்திய பன்னிரு மாதங்களில் நிகழ்ந்தவற்றைப் பற்றி முதியவரிடம் ஐந்து வினாக்கள் கேட்கப்படும். அவர் அன்றாடத் தேவைகளுக்குப் பிறரைச் சார்ந்துள்ளாரா என்பது முதல் வினா. உணவு, உடை, மருந்து, கண்ணாடி, பிறரோடு பழகுதல் முதலியன தடுக்கப்பட்டனவா என்பது இரண்டாவது. நாணவோ அஞ்சவோ வைக்கும் பேச்சு மூன்றாவது. கட்டாயக் கையெழுத்தும் பணமும் நான்காவது. அச்சுறுத்தலும் உடல்தீங்கும் ஐந்தாவது. ஆறாவது வினா மருத்துவர் தமக்குத் தாமே விடை தருவது: முதியவர் கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்குகிறாரா, மெலிந்துள்ளாரா, உடலில் காயமோ கன்றலோ உள்ளதா என்பன போன்றவற்றை அவர் குறித்துக்கொள்வார்.

இக்கருவிக்கு ஓர் எல்லையுண்டு. இது நினைவாற்றல் குன்றாத முதியோர்க்கென அமைந்தது. மறதிநோய் உற்றோரே மிகுதியான இடருக்கு உள்ளாகக்கூடியவர். அவர்கள்பால் இக்கருவி செல்லாது. அவர்கட்கு நேரில் காண்டலும், பேணுவோரைத் தனியே வினவுதலுமே வழியாகும்.

நம்பகமும் ஏற்புடைமையும்

ஒரு கருவியை மதிப்பிட இரண்டு அளவுகோல்கள் உள. கடைத்தெருத் தராசு ஒன்றைக் கொண்டு இவற்றை விளக்கலாம். ஒரே பொருளைப் பத்துமுறை நிறுத்தாலும் ஒரே எடை காட்டுமாயின் அத்தராசு நம்பகமானது. அந்த எடை உண்மையான எடையாகவும் இருப்பின் அது ஏற்புடையது. ஒவ்வொரு முறையும் நூறு கிராம் குறைத்தே காட்டும் தராசு நம்பகமானதே, ஆனால் ஏற்புடையதன்று. இதுபோலவே, எத்தனை முறை கேட்டாலும் முதியவரிடமிருந்து ‘இல்லை’ என்னும் ஒரே விடையைப் பெறும் வினா, நம்பகமான பொய்யையே தந்துகொண்டிருக்கும்.

ஏற்புடைமையை அளக்க இரண்டு எண்கள் வேண்டும். இன்னலுற்றோருள் எத்தனை பேரைக் கருவி சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பது ஒன்று. இன்னலுறாதோருள் எத்தனை பேரைச் சரியாக விடுவிக்கிறது என்பது மற்றொன்று. மாண்ட்ரியல் ஐயச்சுட்டியைச் சமூகப்பணியாளரின் விரிவான மதிப்பீட்டோடு ஒப்பிட்டபோது முதல் எண் 47 விழுக்காடாகவும் இரண்டாம் எண் 75 விழுக்காடாகவும் அமைந்தன.

இதன் பொருளை ஒரு கற்பனைக் கணக்கால் காண்போம். ஓர் ஊரில் 1000 முதியோர் இருப்பதாகவும், சென்னை ஆய்வின் அளவுப்படி 140 பேர் இன்னலுறுவதாகவும் கொள்வோம். இக்கருவி அவர்களுள் ஏறத்தாழ 66 பேரைக் கண்டுபிடிக்கும். 74 பேரை விட்டுவிடும். இன்னலுறாத 860 பேருள் 215 பேரை ஐயத்துக்குரியவராகக் காட்டும். ஆக, ஐயத்துக்குரியோர் எனக் குறிக்கப்படும் 281 பேருள் உண்மையில் இன்னலுறுவோர் நால்வருள் ஒருவர் என்னும் அளவிலேயே இருப்பர்.

இக்கணக்கு இருவகைப் பாடம் புகட்டுகிறது. ‘ஆம்’ என்னும் விடை தீர்ப்பன்று. மேலும் பொறுமையாக விசாரிக்க வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே. ‘இல்லை’ என்னும் விடையும் நலத்திற்குச் சான்றிதழன்று. உடற்காயமும் தனித்து நின்று சான்றாகாது. முதியோரின் தோல் மெலிந்தது. குருதி உறையாமைக்கு மருந்து உண்பவர்க்குச் சிறு இடிபாட்டிலும் தோல் கன்றிவிடும். 2018ஆம் ஆண்டு அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, முதியோர் அனைவரையும் இவ்வாறு சோதிப்பதால் விளையும் நன்மையையும் தீமையையும் எடைபோடப் போதிய சான்றுகள் இல்லை என்றே கூறியது. எனவே இத்துறையில் அவசரம் கூடாது; அதற்காகக் கேளாமலே இருத்தலும் கூடாது.

தமிழில் வினா அமைத்தல்

பிறமொழிக் கருவியைத் தமிழாக்கி, அதனை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்புநோக்குதல் ஆய்வாளர் வழக்கம். அது வேண்டியதே. ஆயினும் அதனால் மட்டும் வினா செம்மையாகிவிடாது. தமிழின் இயல்பிலிருந்தே எழும் சிக்கல்கள் சில உள.

முதலாவது, சொல்லின் எடை. ‘வன்கொடுமை’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் காவல் நிலையமும் நீதிமன்றமும் முதியவர் கண்முன் தோன்றும். உடனே மறுத்துவிடுவார். ‘போன ஒரு வருஷத்துல வீட்டுல யாராவது உங்க மனசு நோகுற மாதிரி பேசினாங்களா?’ என அவர் பேசும் தமிழிலேயே கேட்டால் விடை கிடைக்கக்கூடும். எழுத்துத் தமிழில் கட்டுரை எழுதலாம். எழுத்துத் தமிழில் துயரம் விசாரிக்கலாகாது.

இரண்டாவது, தொடரமைப்பு. தமிழில் வினைமுற்று இறுதியில் வருவது. எதிர்மறையும் வினாவும் அதனோடேயே வருவன. உணவு, உடை, மருந்து, கண்ணாடி, செவிக்கருவி என அடுக்கி, ஈற்றில் ‘தடுத்ததுண்டா?’ என முடிக்கும் நெடுந்தொடரைச் செவிப்புலன் குறைந்த எண்பது வயது மூதாட்டி இறுதிவரை நினைவில் கொள்ளல் அரிது. அதனை நான்கு சிறு வினாக்களாகப் பிரிக்க வேண்டும். ஆனால் பிரித்தால் மதிப்பெண் கணக்கு மாறும். ஆகவே புதிய கருவியாகக் கொண்டே மீண்டும் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, ‘ம்’ என்னும் ஒலி. நம் முதியோர் பிறர் பேச்சைக் கேட்கும்போது இடையிடையே ‘ம்’ கொட்டுவர். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பது அதன் பொருள், ‘ஆம்’ என்பதன்று. பழக்கமில்லாத வினவுநர் அதனை உடன்பாடாகக் குறித்துவிடக்கூடும்.

நான்காவது, ‘அவங்க’ என்னும் சொல். மரியாதைப் பன்மையாகிய இது ஒருவரையும் குறிக்கும்; பலரையும் குறிக்கும். ‘அவங்க திட்டுவாங்க’ என ஒரு மூதாட்டி கூறினால், அது கணவரா, மகனா, வீட்டார் அனைவருமா என மென்மையாகக் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

ஐந்தாவது, மழுப்பல் விடைகள். ‘வீட்டுக்கு வீடு வாசப்படி’ என்பார் ஒருவர். ‘எல்லாம் தலையெழுத்து’ என்பார் மற்றொருவர். ‘அல்லாஹ் விட்ட வழி’ என்பார் நம் வீட்டு மூத்தோர். இவை ஆமுமல்ல, இல்லையுமல்ல. இவற்றை ‘இல்லை’ என்னும் கட்டத்தில் அடைத்தல் பிழை. குடும்ப மானத்தைக் காத்துக்கொண்டே மனத்தின் சுமையைச் சொல்லும் வழிகள் இவை. இத்தகைய விடைகளுக்கெனத் தனிக் கட்டம் ஒன்று வேண்டும்; அவ்விடை கூறியோரை மற்றொரு நாள் மீண்டும் காண வேண்டும்.

ஆறாவது, வறுமையையும் புறக்கணிப்பையும் வேறுபடுத்தல். மருந்து வாங்கித் தரவில்லை என முதியவர் கூறினால், அவ்வீட்டில் எவர்க்குமே மருந்து வாங்க வழியில்லையா, அவர்க்கு மட்டும் மறுக்கப்படுகிறதா என்பதை அறிய வேண்டும். ‘வீட்டுல மத்தவங்களுக்கும் அப்படித்தானா?’ என்னும் ஒரு துணைவினா இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஏழைக் குடும்பத்தைக் கொடிய குடும்பமாக எழுதும் தவற்றை அது தடுக்கும்.

பொருள்வகை இன்னலுக்கும் நம் வாழ்விலிருந்தே வினாக்களை எடுத்தல் வேண்டும். ‘உங்க பென்ஷனை யார் எடுத்துட்டு வர்றாங்க? எடுத்ததும் உங்க கையில தர்றாங்களா?’ என்றும், ‘படிச்சுச் சொல்லாம எதுலயாவது கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினாங்களா?’ என்றும் கேட்பது எவர்க்கும் விளங்கும்.

எங்கே கேட்பது? யார் கேட்பது?

வினா செம்மையாயினும் கேட்கும் இடம் பிழைத்தால் பயனில்லை. பம்மலை எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் ஆகியவற்றோடு இணைந்த நகராட்சி இது. பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலை நம்பிக் குடியேறிய குடும்பங்கள் பல. ஓர் அறையும் சமையற்கட்டுமே உள்ள வாடகை வீட்டில் மூன்று தலைமுறையினர் வாழ்கையில், முதியவரைத் தனியே அழைத்து வினவ இடம் எங்கே? மகன் வாசலில் நிற்க, மருமகள் தேநீர் கொண்டுவர, ‘நல்லா பாத்துக்கறாங்க’ என்பதன்றி அவர் வேறு என்ன கூறுவார்?

எனவே, முதியோர் இயல்பாகத் தனித்து இருக்கும் இடங்களைத் தேர்தல் வேண்டும். சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் அறையும், கண் மருத்துவமனையில் சோதனை அறையும் அத்தகையன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், குருதியழுத்தத்துக்கும் சர்க்கரைநோய்க்கும் வீடுதேடிச் சென்று மருந்து தரும் பழக்கத்தை ஏற்படுத்தியது. மாதந்தோறும் வந்து பழகிய பெண் ஊழியர் ஒருவரிடம், ஒருநாள் வரும் ஆய்வாளரிடம் கூறாததையும் ஒரு மூதாட்டி கூறுவார். ஆனால் அவ்வூழியர் அதே தெருவினராயின் செய்தி கசியுமோ என்னும் அச்சமும் எழும். பயிற்சியும் இரகசியம் காக்கும் உறுதியும் இன்றி இப்பணியை எவரிடமும் ஒப்படைத்தலாகாது. கேட்ட செய்தி ஓர் அமானிதம் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இப்பகுதியின் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் வீட்டுமொழி உருது. அவர்கட்குத் தமிழ்க் கருவியை அவ்விடத்திலேயே வாய்மொழியாகப் பெயர்த்துக் கேட்டல் பொருந்தாது. ஒவ்வொருவர் வாயிலும் வினா ஒவ்வொரு வடிவம் பெறும், நம்பகம் கெடும். உருது வடிவம் தனியே எழுதப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும்.

கேட்டபின் செய்வது

வழி காட்ட இயலாதபோது வினவுதல் புண்ணைத் திறந்து மருந்திடாமல் செல்வதை ஒக்கும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் நமக்குள்ள முதன்மையான துணையாகும். இதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2009ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவர் தாமே மனுச் செய்யலாம். அவர் இசைவு பெற்ற பிறரோ அமைப்போ செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவும் முன்வந்து விசாரிக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க அச்சட்டம் வகை செய்தது. அறிவிப்புச் சென்ற 90 நாள்களுக்குள் முடிவு காண வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 30 நாள்கள் நீட்டலாம்.

பேணுவதாக ஏற்றுக்கொண்டு சொத்தைத் தானமாக எழுதி வாங்கியவர் பின்னர்ப் பேணாமற்போனால், அப்பத்திரத்தை நீக்கக் கோர 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. இச்சட்டத்தின் நோக்கம் நிறைவேறும் வகையில் அதற்குத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் கூறியது. பேணவேண்டிய முதியவரைக் கைவிட்டுச் செல்வார்க்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க 24ஆம் பிரிவு வழி செய்கிறது. 14567 என்னும் தொலைபேசி எண் நாடு முழுவதற்குமான முதியோர் உதவி எண்ணாகும்.

ஆயினும், எல்லா இன்னலும் வழக்காக வேண்டுவதில்லை. பல வீடுகளில் பேணுபவரும் சோர்ந்தவரே. படுக்கையிலுள்ள மாமியாரை இரவுபகல் பார்த்து, காலையில் வேலைக்கும் ஓடும் ஒரு மருமகளின் சுடுசொல்லுக்கு மருந்து, அவளுக்கு அரைநாள் ஓய்வு கிடைக்கச் செய்வதாகவும் இருக்கலாம். ஜமாஅத்தும் உறவினரும் செய்யத்தக்க உதவி இது. உயிருக்கு ஆபத்தும் அடியும் உள்ள இடத்திலோ சமரசப் பேச்சுக்கு இடமில்லை. முதியவரின் பாதுகாப்பே முதன்மை. இரண்டையும் பிரித்தறியவும், அடுத்து யாது செய்வது என முதியவரின் விருப்பத்தைக் கேட்டறியவும் வினவுநர் பயிற்சி பெறுதல் இன்றியமையாதது.

முடிவுரை

கருவி என்பது வினாக்களின் பட்டியல் மட்டுமன்று. வினா, அதனைக் கேட்கும் குரல், கேட்கும் இடம், கேட்டபின் நீளும் கை ஆகிய நான்கும் சேர்ந்ததே கருவி. இவற்றுள் முதலாவதாகிய வினாவைச் செப்பம் செய்யும் பொறுப்பில் தமிழ்த்துறைகளுக்குப் பங்குண்டு. தமிழ் மாணவர், முதியோரோடு அமர்ந்து அவர்கள் மனவருத்தத்தைக் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். வினா ஒன்றைப் படித்துக் காட்டி, ‘இது உங்களுக்கு என்னவென்று விளங்கியது?’ எனக் கேட்டு, விளங்கிய பொருளைப் பதிவு செய்யலாம். மருத்துவரும் சமூகப்பணியாளரும் அத்தொகுப்பைக் கொண்டு வினா அமைத்துச் சோதிப்பர்.

சொல்லை ஆராய்வது நம் தொழில். ஒரு சொல்லின் பொருத்தத்தில் ஒரு மூதாட்டியின் மௌனம் கலையுமெனின், அவ்வாராய்ச்சியினும் சிறந்த தமிழ்ப்பணி வேறு யாது?